அயல்மொழி வகுப்பில் மாற்றுத்திறனாளி மாணவர்: புதிதாகப் பாடம் எடுப்பவருக்கு ஒரு வழிகாட்டி

அடுத்த பருவத்தில் உங்கள் பிரெஞ்சு வகுப்பில் பார்வையற்ற மாணவி ஒருவர் சேரப்போகிறார். அல்லது காது கேளாத ஒருவர், டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு உள்ள ஒருவர். இதற்கு முன் இப்படி யாருக்கும் நீங்கள் பாடம் எடுத்ததில்லை. எங்கே தொடங்குவது, எதை மாற்றுவது, எதை அப்படியே விட்டுவிடலாம் என்று இந்தக் கட்டுரையில் படிப்படியாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. இப்படி ஒரு மாணவர் வந்ததும் பல நிறுவனங்களில் முதலில் எழும் பேச்சு, "இவருக்கு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு கொடுத்துவிடலாமே" என்பது. நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வரியால் வெளிநாட்டுப் படிப்பு, மொழிபெயர்ப்பு வேலை, இன்னொரு நாட்டு மனிதர்களோடு பேசும் சந்தோஷம் எல்லாம் அந்த மாணவருக்கு மூடிப்போகின்றன. மாணவரே கேட்டால் விலக்கைப் பற்றி யோசிக்கலாம். அவர் கேட்காமல் நாம் அதை முன்வைக்கக் கூடாது. 2006-ல் ஏற்கப்பட்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆவது பிரிவு, எல்லா நிலைகளிலும் அனைவரையும் உள்ளடக்கிய கல்வியையும், அதற்குத் தேவையான நியாயமான மாற்றங்களையும் உரிமையாகவே பேசுகிறது.

"இன்னொரு மொழி சேர்ந்தால் குழம்பிவிடுவார்" என்ற பயமும் உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளை வைத்துக் கனடாவில் நடத்தி 2005-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இரண்டு மொழிகளோடு வளர்ந்தவர்கள் ஒரே மொழியோடு வளர்ந்தவர்களைவிட ஆங்கிலத்தில் பின்தங்கியிருக்கவில்லை. ஆகவே அந்தப் பயத்தை வைத்து யாரையும் வகுப்பிலிருந்து விலக்கி வைக்காதீர்கள்.

முதல் படி: மாணவரிடமே கேளுங்கள்

வகுப்பு தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே தனியாக ஒரு பேச்சு. மருத்துவ அறிக்கை உங்களுக்குத் தேவையில்லை. நோயின் பெயரைவிட அவருடைய பழக்கங்கள்தான் பாடம் எடுக்க உதவும். இப்படிக் கேட்கலாம்:

"பாடத்தை எந்த வடிவத்தில் தந்தால் உங்களுக்கு வசதி? கணினியிலா, பிரெய்லியிலா, பெரிய எழுத்திலா?"

"வகுப்பில் திடீரென்று வாசிக்கச் சொன்னால் பரவாயில்லையா, முன்கூட்டியே சொல்ல வேண்டுமா?"

"இதற்கு முன் மொழி வகுப்பில் எது உதவியது, எது தொந்தரவாக இருந்தது?"

"மற்ற மாணவர்களிடம் இதைப் பற்றிச் சொல்லலாமா, வேண்டாமா?"

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். டிஸ்லெக்சியா, திக்குவாய், ஆட்டிசம் போன்றவற்றை எல்லோருக்கும் தெரியப்படுத்துவதா என்பது மாணவரின் முடிவு. சொல்ல வேண்டாம் என்றால், வகுப்பு முழுவதற்கும் பொதுவான ஏற்பாடாகவே செய்துவிடலாம். வாசிக்க வேண்டிய பத்தியை எல்லோருக்கும் முந்தைய நாளே அனுப்பிவிட்டால், யாருக்காக என்ற கேள்வியே எழாது.

இரண்டாம் படி: பயிற்சியின் நோக்கத்தையும் அது போகும் வழியையும் பிரித்துப் பாருங்கள்

ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு பயிற்சியையும் எடுத்து, இதில் மாணவர் எதைக் கற்க வேண்டும், அதற்குக் கண், காது, கை, வாய் இவற்றில் எது தேவைப்படுகிறது என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பெரும்பாலான தடைகள் இரண்டாவது கேள்விக்கான பதிலில்தான் இருக்கும். அங்கே இருப்பதை மாற்றினால் முதல் கேள்விக்கான பதில் கெடாது.

படத்தைப் பார்த்து விவரிக்கும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். நோக்கம், இடத்தையும் பொருளையும் குறிக்கும் சொற்களைப் பயன்படுத்திப் பேசுவது. வழி, கண். பார்வையற்ற மாணவர் இருந்தால் இதைத் தலைகீழாக்குங்கள். பார்வையுள்ள மாணவர் படத்தை விவரிக்கட்டும். பார்வையற்றவர் அந்த மொழியிலேயே கேள்வி கேட்டுக் கேட்டு, படத்தில் என்ன நடக்கிறது என்று கடைசியில் தொகுத்துச் சொல்லட்டும். இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும் படத்தை ஒருவருக்கொருவர் விவரிப்பதில் தகவல் பரிமாற்றமே இல்லை. இந்த மாற்றத்துக்குப் பிறகு உண்மையிலேயே தெரியாத ஒன்றை ஒருவர் மற்றவரிடமிருந்து தெரிந்துகொள்கிறார். மொழி வகுப்பு தேடுவது இதைத்தானே!

சொல்வதைக் கேட்டு எழுதும் பயிற்சிக்கும் இதே கேள்விகள். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுவதுதான் நோக்கமா, ஒலிகளைப் பிரித்துக் கேட்பதா? இரண்டாவது என்றால், டிஸ்லெக்சியா உள்ளவருக்கு நான்கு வாக்கியங்களை அச்சடித்துக் கொடுத்து, எதைச் சொன்னீர்கள் என்று குறிக்கச் சொன்னால் போதும்.

மூன்றாம் படி: பாடப்பொருளைச் சரிசெய்யுங்கள்

ஸ்கேன் செய்த பிடிஎஃப் பக்கம் உண்மையில் ஒரு புகைப்படம். திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடருக்கு அதில் எழுத்தே இல்லை. ஆகவே வேர்ட் கோப்பாகவோ, எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிற பிடிஎஃபாகவோ கொடுங்கள்.

அயல்மொழிக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு; பொதுவான வழிகாட்டிகளில் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். கோப்பில் எந்த வரி எந்த மொழி என்று குறித்திருக்காவிட்டால், ஸ்கிரீன் ரீடர் ஜெர்மன் வாக்கியத்தை ஆங்கில உச்சரிப்பில் படித்துத் தள்ளும். மாணவர் பாவம், தப்பான உச்சரிப்பையே மனப்பாடம் செய்வார். வேர்டில் அந்த வரியைத் தேர்ந்தெடுத்து அதற்குரிய மொழியைக் குறித்துவிட்டால் குரல் தானாக மாறும். என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம். அதை உங்கள் கணினியில் நிறுவி, நீங்கள் தயாரித்த பாடத்தை ஒருமுறை காதால் கேட்டுப் பாருங்கள். எங்கே தடுக்குகிறது என்று உடனே தெரியும்.

அச்சுக்கு வருவோம். எளிமையான எழுத்துரு, வரிகளுக்கிடையே தாராளமான இடைவெளி, சாய்வெழுத்து வேண்டாம், பின்னணியில் படம் வேண்டாம். டிஸ்லெக்சியாவுக்கென்றே வடிவமைத்த எழுத்துருக்கள் கிடைக்கின்றன; அவற்றால் பெரிய பயன் இருப்பதாக ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டுவதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. டிஸ்லெக்சியா உள்ள இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகளை வைத்துச் செய்து 2012-ல் வெளியான ஆய்வில், இடைவெளி கூடியதும் வேகமாகவும் பிழை குறைவாகவும் படித்தார்கள். பார்வை குறைந்தவருக்கு எழுத்தின் அளவை 18 புள்ளியில் (பாயிண்ட்) தொடங்கி, எது வசதி என்று அவரிடமே கேளுங்கள்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஜெர்மன் பாடநூல்கள் பலவற்றில் ஆண்பால் நீலம், பெண்பால் சிவப்பு, அஃறிணைப்பால் பச்சை என்று அடையாளம் இருக்கும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத மாணவருக்கு இதில் இரண்டு பால்கள் ஒன்றாகிவிடும். நிறத்தோடு கூடவே அடிக்கோடு, கட்டம், வட்டம் என்று ஏதாவது சேருங்கள்.

பாடநூல் பிரெய்லியிலோ மின்வடிவிலோ வந்து சேர நேரமாகும். 2013-ல் கையெழுத்தான மராகேஷ் ஒப்பந்தத்தின்படி, அதில் சேர்ந்துள்ள நாடுகளில் அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் பதிப்புரிமையாளரிடம் தனி அனுமதி வாங்காமலே அச்சு படிக்க முடியாதவர்களுக்கான பிரதிகளைத் தயாரிக்கலாம். நாடு விட்டு நாடும் அனுப்பலாம். நூலகத்தில் இதைச் சொல்லிக் கேளுங்கள். எந்த நூல் என்பதை மட்டும் சீக்கிரம் முடிவு செய்துவிடுங்கள்.

பார்வையற்ற மாணவருக்கு

பிரெய்லி உலகம் முழுவதும் ஆறு புள்ளிகள்தான், ஆனால் ஒவ்வொரு மொழியும் அவற்றை வேறு விதமாகப் பயன்படுத்துகிறது. ஆறு புள்ளிகளும் நிரம்பிய கட்டம் சொற்களைச் சுருக்கி எழுதும் ஆங்கிலச் சுருக்கப் பிரெய்லியில் 'ஃபார்' என்ற சொல். பிரெஞ்சில் அது மேலே கோடு போட்ட 'எ' எழுத்து. எனவே மாணவர் முதலில் அந்த மொழியின் குறியீட்டைப் படிக்க வேண்டும். முதல் சில மாதங்கள் சுருக்கம் இல்லாத பிரெய்லியிலேயே போங்கள். அப்போதுதான் எழுத்துக்கூட்டு விரலில் பதியும்.

சில மொழிகளில் அவருக்கு அனுகூலமும் உண்டு. அச்சில் வலமிருந்து இடமாகப் போகும் அரபி, பிரெய்லியில் இடமிருந்து வலமாகப் போகிறது. ஜப்பானியப் பிரெய்லி, 1890-ல் உருவானது, ஒலியெழுத்துகளான கானாவை அடிப்படையாகக் கொண்டது. மற்ற மாணவர்கள் காஞ்சி எனப்படும், சீனத்திலிருந்து வந்த எழுத்துகளோடு போராடும்போது இவர் வாசிப்பில் முன்னே போய்விடலாம். அதற்காகக் காஞ்சியே வேண்டாம் என்று ஒதுக்கவும் முடியாது. கணினியில் தட்டச்சு செய்து சரியான எழுத்தைத் தேர்ந்தெடுக்க, எந்தச் சொல்லில் எந்த எழுத்து வருகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

வகுப்பில் உங்கள் பழக்கம் ஒன்றும் மாற வேண்டும். தொடக்கநிலை ஆசிரியர்கள் பாதிப் பாடத்தைக் கையாலும் முகத்தாலும் எடுக்கிறோம். "இது என்ன?" என்று விரல் நீட்டுவோம், தலையசைப்போம். இவருக்கு அது எதுவும் போய்ச்சேராது. பொருளைக் கையில் கொடுங்கள். யாரைக் கேட்கிறீர்களோ அவர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பலகையில் எழுதும்போதே எழுத்துக்கூட்டி வாய்விட்டுச் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னது மொத்த வகுப்புக்குமே நல்ல பயிற்சி.

காது கேளாத, குறைவாகக் கேட்கும் மாணவருக்கு

உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். 'படம்', 'மடம்' இரண்டையும் கண்ணாடி முன் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரிதான் அசையும். தெரிந்த மொழியில் பேச்சின் போக்கை வைத்து இடைவெளியை மனம் நிரப்பிக்கொள்ளும். புது மொழியில் நிரப்புவதற்குச் சொற்களே இன்னும் சேரவில்லை. ஆகவே புதிய சொல்லை முதலில் எழுத்தில் காட்டுங்கள், பிறகு உச்சரியுங்கள். பலகையைப் பார்த்துக்கொண்டே பேசாதீர்கள். ஜன்னல் வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகத் தெரியும், இடம் மாறி நில்லுங்கள்.

காதுக்கருவியும், அறுவைசிகிச்சை செய்து பொருத்தும் காக்ளியர் இம்பிளாண்ட் கருவியும் இரைச்சலையும் சேர்த்தே கொண்டுவருகின்றன. மாணவரிடம் வயர்லெஸ் மைக் இருந்தால் அதை நீங்கள் அணியுங்கள். குழுவாகப் பேசும்போது அது கைமாறட்டும். காணொளிக்கு அந்த மொழியிலேயே வசனவரி போடுங்கள். தானாக உருவாகும் வசனவரியில் தவறுகள் இருக்கும், கற்பவருக்கு எது தவறு என்று தெரியாது. முன்பே ஒருமுறை திருத்திவிடுவது உங்கள் பொறுப்பு.

சைகைமொழி பெயர்ப்பாளர் இருந்தால் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அவர் பெயர்த்துத் தருவது பொருளைத்தான். நீங்கள் ஸ்பானிய வாக்கியம் ஒன்றைச் சொல்லி "திரும்பச் சொல்லுங்கள்" என்றால், மாணவருக்கு அதன் அர்த்தம் வந்து சேரும், ஸ்பானியச் சொல் ஒன்றுகூட வந்து சேராது. அயல்மொழி வாக்கியம் வரும்போது எழுத்தைச் சுட்டிக்காட்டுவதா, விரலால் எழுத்துக்கூட்டுவதா என்று மூவரும் முன்பே பேசி முடிவுசெய்யுங்கள். பெயர்ப்பாளருக்கு ஸ்பானியம் தெரியாமலும் இருக்கலாம், எனவே பாடம் அவர் கைக்கும் முன்பே போக வேண்டும்.

பேச்சுப் பயிற்சிக்கு என்ன செய்வது? இரண்டு மாணவர்களும் அரட்டைச் செயலியில் அந்த மொழியில் உடனுக்குடன் தட்டச்சு செய்து உரையாடட்டும். யோசிக்க நேரம் குறைவு, பதில் உடனே வர வேண்டும், எதிராளி என்ன சொல்வார் என்று தெரியாது; உரையாடலின் இயல்பெல்லாம் அதில் இருக்கிறது. ஆர்வம் இருந்தால் அந்த நாட்டுச் சைகைமொழியையும் அறிமுகப்படுத்துங்கள். அமெரிக்கச் சைகைமொழிக்கு, ஆங்கிலம் பேசும் பிரிட்டனின் சைகைமொழியைவிடப் பிரெஞ்சுச் சைகைமொழிதான் நெருக்கமான உறவு. பிரான்சிலிருந்து வந்த, காது கேளாத ஆசிரியர் லோரான் க்ளேர் 1817-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் காது கேளாதோர் பள்ளியைத் தொடங்க உதவியதன் விளைவு அது. மொழித்திறனை நிலைகளாகப் பிரித்து அளக்கும் ஐரோப்பிய மொழித் தகுதிச் சட்டகத்தின் 2020 துணைத் தொகுதி, தன் அளவுகோல் வாக்கியங்களைச் சைகைமொழிக்கும் பொருந்தும்படி மாற்றி எழுதியிருக்கிறது. பேச்சுத்திறனை எப்படி மதிப்பிடுவது என்று நிர்வாகத்தோடு பேசும்போது அதைக் காட்டலாம்.

டிஸ்லெக்சியா உள்ள மாணவருக்கு

ஹார்வர்டில் 1960-களில் மாணவர் ஆலோசகராக இருந்த கென்னத் டிங்க்லேஜ், மற்ற பாடங்களில் சிறந்து விளங்கிய சிலர் மொழிப்பாடத்தில் மட்டும் தோற்பதைக் கவனித்தார். சோம்பலோ அக்கறையின்மையோ காரணமாக இல்லை. அவர்களில் பலருக்குச் சிறுவயதில் வாசிப்புச் சிரமம் இருந்திருக்கிறது. வாசிப்புக் குறைபாட்டுக்கென உருவான முறைகளில் கற்பித்ததும் பலர் தேறினார்கள்.

அந்த முறைகளின் சாரம் இதுதான். எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்பதை நேரடியாக, ஒவ்வொன்றாக, வரிசையாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். கேட்கவும், சொல்லவும், எழுதவும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். பழையதைத் திரும்பத் திரும்பக் கொண்டுவர வேண்டும். "கேட்டுக் கேட்டுத் தானாக வந்துவிடும்" என்ற பாணி இவர்களுக்கு ஒத்துவருவதில்லை. இலக்கண விதியையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். ஒரு வகுப்புக்கு இருபது புதுச் சொற்கள் வேண்டாம். ஆறேழு போதும், அவை அடுத்த வகுப்பிலும் அதற்கடுத்ததிலும் வரட்டும்.

எந்த மொழி என்பதும் முக்கியம். ஸ்பானியத்திலும் இத்தாலியத்திலும் எழுத்துக்கும் ஒலிக்கும் தொடர்பு சீரானது. பிரெஞ்சில் 'பேசு' என்ற வினைக்கு நான், நீ, அவன், அவர்கள் நான்குக்கும் நிகழ்காலத்தில் உச்சரிப்பு ஒன்றே. எழுதும்போது மூன்று விதம். ஜப்பானில் வளர்ந்த இருமொழிச் சிறுவன் ஒருவனைப் பற்றி 1999-ல் வெளியான ஆய்வு இத்துறையில் பிரபலம். ஆங்கில வாசிப்பில் அவனுக்குக் கடுமையான டிஸ்லெக்சியா. ஜப்பானிய வாசிப்பில் எந்தச் சிரமமும் இல்லை. எனவே ஒரு மொழியில் திணறியவர் எல்லா மொழியிலும் திணறுவார் என்று முடிவுகட்ட வேண்டாம். மொழியைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் இந்த விவரங்களை மாணவரிடம் சொல்லுங்கள், முடிவை அவரிடமே விடுங்கள். பிரெஞ்சின் மேல்தான் ஆசை என்றால் பிரெஞ்சே படிக்கட்டும்.

பேச்சு, கவனம், பழகும் விதம், உடல் அசைவு

திக்குவாய் உள்ளவர்கள் பலருடன் சேர்ந்து ஒரே குரலாக வாசிக்கும்போது பெரும்பாலும் தடையில்லாமல் பேசுகிறார்கள். வகுப்பே சேர்ந்து வாசிப்பதை வாரந்தோறும் வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் பேசும்போது சொல்லை நீங்கள் முடித்துவைக்காதீர்கள், காத்திருங்கள். வரிசையாக ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வருவது அவருக்கு வதை. வேறு வழியில் அழையுங்கள். பேசவே சிரமப்படுபவர் குரல் தரும் செயலியைப் பயன்படுத்தினால், அதில் அந்த மொழியின் குரல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டிசம் உள்ளவருக்கு அன்றைய வகுப்பில் என்னென்ன வரப்போகிறது என்று பலகையின் ஓரத்தில் எழுதிவைப்பதே பெரிய உதவி. "ஜோடி சேருங்கள்" என்று விட்டுவிடாமல் ஜோடியை நீங்களே சொல்லுங்கள். "ஏதாவது பேசுங்கள்" என்பதைவிட "நீங்கள் பயணி, அவர் டிக்கெட் தருபவர், மூன்று கேள்வி கேளுங்கள்" என்பது நல்லது. மரபுத்தொடர்களை ஊகிக்க விடாமல் பொருளை நேரே சொல்லிவிடுங்கள். கவனம் சிதறுபவருக்கு, ஒரு நேரத்தில் ஒரே கட்டளை; ஐம்பது நிமிடப் பாடத்தை நான்கைந்து துண்டாக்குங்கள்.

எழுந்து நின்று, நடந்து செய்யும் பயிற்சிகளில் சக்கர நாற்காலியில் இருப்பவர் பார்வையாளர் ஆகிவிடக் கூடாது. "கதவருகே போ" என்பதைவிட "கதவை நோக்கித் திரும்பு" என்று கட்டளையை மாற்றினால் போதும். கையால் எழுத முடியாதவருக்குத் தட்டச்சு. குரல்வழித் தட்டச்சு, கற்பவரின் உச்சரிப்பைத் தப்பாக எடுத்துக்கொள்ளும், எனவே தொடக்கநிலையில் வேண்டாம்.

கடைசிப் படி: தேர்வு

இரண்டாம் படியில் கேட்ட அதே கேள்விகளை இங்கேயும் கேளுங்கள். வாசித்துப் புரிந்துகொள்வதைச் சோதிக்கிறீர்கள் என்றால் டிஸ்லெக்சியா உள்ளவருக்கு எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். சரளத்தை அளக்கும்போது திக்கலைச் சரளக்குறைவாக எண்ணாதீர்கள். காது குறைவாகக் கேட்பவருக்கு, ஒலிப்பதிவைப் போடுவதற்குப் பதில் நீங்களே எதிரில் அமர்ந்து, முகம் தெரியும்படி உரையை வாசிக்கலாம். கூடுதல் நேரத்துக்கு நாலில் ஒரு பங்கு என்பது பல தேர்வு அமைப்புகள் வைத்திருக்கும் தொடக்க அளவு. பிரெய்லியில் எழுதுபவருக்கு அது போதாமல் போகலாம்.

வெளித்தேர்வு எழுதப்போகிறார் என்றால் விண்ணப்பத்தை மற்றவர்களுக்கு முன்பே போடுங்கள். கேம்பிரிட்ஜின் ஆங்கிலத் தேர்வு, கோதே நிறுவனத்தின் ஜெர்மன் தேர்வு, ஜப்பானிய மொழித் திறன் தேர்வு என்று பெரிய தேர்வுகள் பலவற்றிலும் சிறப்பு ஏற்பாடு கேட்க வழி இருக்கிறது. சான்று கேட்பார்கள், பிரெய்லித் தாள் போன்றவற்றுக்குக் கூடுதல் அவகாசமும் தேவைப்படும். ஒரு பகுதியிலிருந்து முழு விலக்கு கேட்டால் அது சான்றிதழில் குறிப்பாக வரக்கூடும். அதை மாணவரிடம் முன்கூட்டியே சொல்லி, மாற்றிய வடிவத்தில் அந்தப் பகுதியை எழுத வழியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தேர்வில் கிடைக்கும் ஏற்பாட்டை வகுப்பிலும் முன்பே பழக்கிவிடுங்கள். கூடுதல் நேரத்தை எப்படிப் பங்கிடுவது, அந்த மொழிக் குரலோடு ஸ்கிரீன் ரீடரை எந்த வேகத்தில் ஓடவிடுவது என்பதெல்லாம் தேர்வன்றைக்கு முதல்முறையாகச் செய்து பார்க்கும் விஷயங்கள் இல்லை. பருவம் முடிந்ததும் எது உதவியது, எது உதவவில்லை என்று மாணவரோடு உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதி, அவர் சம்மதித்தால் அடுத்த ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.